மின்காந்தத்துக்கு மூன்றாவது சொல்

கன்னியப்பன் செத்த அன்று கிரேனில் எந்தப் பழுதும் இல்லை. விசாரணையில் இதைத்தான் சொன்னேன், இப்போதும் இதைத்தான் சொல்வேன். காயிலில் கரண்ட் ஒழுங்காக ஓடியது. நிறுத்தியபோது ஒழுங்காக நின்றது. மின்காந்தம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உங்கள் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறதோ, ஓர் எழுத்துப் பிசகாமல் அது அப்படியே நடந்துகொண்டது.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர், காந்தவியலைப் பற்றி வேலை அனுபவத்திலிருந்து மாணவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார். எளிமையாகவும் உற்சாகமூட்டும்படியும் இருக்க வேண்டுமாம். எளிமைக்கு நான் பொறுப்பு. உற்சாகத்துக்கு அவர் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

1. இட்லிக் குண்டான் மூடி

ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். யுத்தம் விட்டுச்சென்ற லாரி உடல்கள், உடைந்த கப்பல் தகடுகள், துருப்பிடித்த தண்டவாளத் துண்டுகள் எல்லாம் யார்டில் மலையாகக் கிடக்கும். அவற்றைத் தரம் பிரித்து வேகனில் ஏற்றுவதும், உலைக்கு அனுப்புவதும் வேலை. கொக்கி கிரேன் ஒன்று இருந்தது. சங்கிலி கட்ட ஒரு கூட்டம், அவிழ்க்க ஒரு கூட்டம்.

நான் சேர்ந்த முதல் நாள்தான் பெட்டிக்குள்ளிருந்து காந்தத்தை வெளியே எடுத்தார்கள். வட்டமான வார்ப்பு எஃகுக் கூடு, குறுக்களவு ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். யார்டு ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் கன்னியப்பன். எண்ணூருக்குப் போகும் வழியில் ஒரு குப்பத்தைச் சேர்ந்தவன். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மீன் படாத ஒரு பருவத்தில் ஆலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டான்.

"இன்னா சார், இட்லி குண்டான் மூடிய கப்பல்ல போட்டு கொண்டாந்துகிறாங்க?" என்றான்.

"குண்டான் பின்னால வருது மாமு. அதுல நம்மளத்தான் வேக வெப்பானுங்க," என்றான் அவனுடைய கூட்டாளி ஏழுமலை.

அன்றிலிருந்து ஆலையில் அதன் பெயர் மூடி.

மூடிக்குள் என்ன இருந்தது என்று சொல்கிறேன். ஒரு கம்பியில் மின்னோட்டம் பாயும்போது அதன் பக்கத்தில் திசைகாட்டி முள்ளை வைத்தால் முள் திரும்பும். மின்னோட்டம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஒற்றைக் கம்பியின் புலம் மெலிந்தது. அதே கம்பியைச் சுருளாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் புலமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். சுற்று கூடினால் பலம் கூடும், மின்னோட்டம் கூடினாலும் பலம் கூடும். சுருளுக்கு நடுவே தேனிரும்பை வைத்தால் பலம் பல மடங்காகும். அந்த மூடி இவ்வளவுதான். நடுவில் வடதுருவம், விளிம்பில் தென்துருவம், இரண்டுக்கும் இடையே செம்புக் கம்பிச் சுருள். அடியில் ஓர் இரும்புத் துண்டு இரண்டு துருவத்தையும் தொட்டால் காந்தப் பாதை மூடிக்கொள்ளும், துண்டு ஒட்டிக்கொள்ளும்.

மூடியைக் கிரேனில் தொங்கவிட்டுக் கரண்ட் இணைத்ததும் மானேஜர் பார்க்க வந்தார். "கைக்கடிகாரத்தைக் கழட்டி வெச்சுட்டுப் பக்கத்துல வாங்க சார்," என்றேன். மானேஜருக்கு நேற்று வந்தவன் புத்தி சொல்வது பிடிக்கவில்லை. மூடிக்குக் கரண்ட் கொடுத்தபோது அதன் விளிம்பருகே நின்று கையை நீட்டி, "இருபது ஆள் வேலையை இது ஒண்ணே செய்யும்," என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னார். அந்த இருபது பேரும் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மானேஜரின் கடிகாரம் நின்றுபோயிருந்தது.

கடிகாரத்தின் உள்ளே இருக்கும் மெல்லிய வில்சுருள் கடின எஃகு. கடின எஃகு ஒரு முறை காந்தமானால் காந்தமாகவே இருந்துவிடும். சுருளின் வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் கடிகாரம் ஓடாது. ஏ.ஸி. கரண்ட் ஓடும் ஒரு சுருளுக்குள் கடிகாரத்தை வைத்து, மெல்ல மெல்ல வெளியே இழுத்தேன். திசை மாறி மாறி வரும் புலம் தூரம் கூடக் கூடத் தேய்ந்துபோகும், எஃகின் காந்தமும் அதோடு தேய்ந்து தீரும். அன்று மாலைக்குள் கடிகாரம் ஓடியது. அந்த ஆலையில் நான் சொல்லி உடனே சரிசெய்யப்பட்ட பொருள் அது ஒன்றுதான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

2. கேண்டீனில் பாடம்

மூடியை ஓட்ட ஆபரேட்டராக லாசர் வந்தான். ராயபுரத்துக்காரன், ஹார்பர் கிரேனில் பல வருஷம் கை பழகியவன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் வேலைக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். மற்ற எதற்கும் மறுத்துப் பேசாதவன். கீழே நின்று சைகை சொல்ல ஏழுமலையும், இரும்பைத் தள்ளி ஒழுங்குபடுத்தக் கன்னியப்பனும்.

காந்தத்தைப் பற்றி ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. கேண்டீனில் ஓர் ஆணியில் கம்பியைச் சுற்றி, பாட்டரி செல்லோடு இணைத்து, குண்டூசிகளைத் தூக்கிக் காட்டினேன். கம்பியை எடுத்ததும் ஊசிகள் விழுந்தன.

"கரண்டு இருந்தா காந்தம். கரண்டு போனா வெறும் இரும்பு. அதனால அது தூக்கிட்டிருக்கிற எதுக்கும் கீழ ஒருத்தனும் நிக்கக் கூடாது," என்றேன்.

"ஏன் சார், கரண்டு பூட்டா அது நம்மள மறந்துடுமா?" என்றான் கன்னியப்பன்.

"மறந்துடும்."

"கடன்காரன் மாரி இல்லாம நல்ல காந்தமாத்தான் கீது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறதி என்று அவன் சொன்னது சரியான சொல். இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் குட்டிக் காந்தப் பகுதிகள் எண்ணில்லாமல் இருக்கின்றன. சாதாரணமாக ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றின் பலத்தை மற்றொன்று அழித்துவிடும். வெளியிலிருந்து ஒரு புலம் வந்தால், சங்கு ஊதியதும் கேட்டில் வரிசை கட்டும் ஆட்களைப் போல அத்தனையும் ஒரே திசைக்குத் திரும்பும். தேனிரும்பில் புலம் போனதும் வரிசை கலைந்துவிடும். கடின எஃகில் கலையாது. மின்காந்தத்துக்கு உள்ளகமாகத் தேனிரும்பையும், திசைகாட்டி முள்ளுக்கு எஃகையும் எடுப்பதற்கு இதுவே காரணம். கேண்டீன் அடுப்பில் ஒரு காந்த ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, அது காந்தத்தை இழந்துவிட்டதையும் காட்டினேன். அந்தச் சூட்டில் எந்த வரிசையும் நிற்காது. உலையிலிருந்து வரும் சிவந்த இரும்பை மூடி தூக்காது என்று அவர்களுக்குப் புரிந்தது. மானேஜருக்குப் புரிய இன்னும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

3. ஆபீஸ், ஆரியா

ஹார்பரில் கிரேனுக்கு இரண்டே சொற்கள். 'ஆபீஸ்' என்றால் தூக்கு. 'ஆரியா' என்றால் இறக்கு. கப்பல் கலாசிகளின் வாயில் எந்தக் காலத்திலோ வந்து ஒட்டிக்கொண்டவை. எந்த பாஷை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரியாதது நல்லது, அவற்றை வேறு எதற்கும் யாரும் பயன்படுத்துவதில்லை. எங்கள் கொக்கி கிரேனும் அந்த இரண்டு சொற்களில்தான் ஓடியது.

மூடிக்கு மூன்றாவதாக ஒரு சொல் தேவைப்பட்டது. கரண்டை நிறுத்தி இரும்பைக் கீழே போடு என்பதற்கு. ஹார்பரில் அதற்கு என்ன சொல்வீர்கள் என்று லாசரைக் கேட்டேன்.

"ஹார்பர்ல மேல தொங்குற சரக்க எவன் சார் வுடுவான்?" என்றான். "தரையில எறக்குவோம். கீழ கீறவன் கொக்கிய கழட்டுவான். வுடறதுக்குன்னு அங்க சொல்லே கெடியாது."

ஆட்கள் சொல்லுக்காகக் காத்திருக்கவில்லை. முதல் லோடு வேகனுக்கு மேலே வந்ததும் ஏழுமலை அண்ணாந்து, "வுடு," என்று கத்தினான். லாசர் விட்டான். இரும்பு விழுந்தது. அதோடு சொல் முடிவாகிவிட்டது.

எனக்கு அது பிடிக்கவில்லை. மானேஜரிடம் போனேன்.

"வுடுன்னா என்னய்யா கேடு? தமிழ்தானே?" என்றார்.

"அதுதான் சார் கேடு. பீடியை வுடு, ஆளை வுடு, பேச்சை வுடுன்னு நாள் பூரா யார்டுல அந்தச் சொல் ஓடிட்டிருக்கு. ஆபரேட்டருக்கு எது தனக்குன்னு எப்படித் தெரியும்? இரண்டு கையையும் விரிச்சுக் காட்டற சைகை ஒண்ணு வெக்கலாம்."

லாசர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் மூடியே அதன் அடியில் இருப்பதை மறைத்துவிடும் என்பதையும் சொன்னேன். அடியில் இருப்பவனைத் தவிர மற்ற எல்லாரையும் அவனால் பார்க்க முடியும்.

மானேஜர் யோசித்துவிட்டு ஓர் உத்தரவு போட்டார். இனிமேல் 'ரிலீஸ்' என்று சொல்ல வேண்டும். ஏழுமலை அதைக் கேட்டுவிட்டு, "சினிமாவா சார், ரிலீஸ் பண்றதுக்கு?" என்றான். அந்த உத்தரவு ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. நான் மறுபடியும் போனேன்.

"கமாண்ட் வேற, பேச்சு வேற. அவங்களுக்குத் தெரியும். நீங்க கரண்டைப் பாருங்க," என்றார் மானேஜர்.

4. விடாத தகடு

ஒரு நாள் ஊரிலேயே கரண்ட் போனது. மூடியில் தொங்கிய லாரி உடல்கள் சத்தத்தோடு விழுந்தன. அடியில் யாரும் இல்லை. கேண்டீன் பாடத்துக்கு இதைவிட நல்ல நிரூபணம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே இயற்கை எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. வழவழப்பான கப்பல் தகடு ஒன்றை லாசர் தூக்கினான். சுவிட்சை நிறுத்திய பிறகும் தகடு மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சுவிட்சுப் பலகை இருந்த பேனல் அறையிலிருந்து வெளியே வந்தபோது கன்னியப்பன் அதற்கு நேர் கீழே நின்று கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தான்.

"வெளிய வாடா," என்று கத்தினேன்.

"இன்னா கரண்டு சார்," என்று நிதானமாக வெளியே வந்தான். 'கரண்டு சார்' என்பது அவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர். "கரண்டு ஆஃப் ஆயி கீது, மூடி வுடலியே. கரண்டு பூட்டா மறந்துடும்னு சொன்னியே, அது டூப்பா?"

டூப் இல்லை. தேனிரும்பு என்று பெயர் வைத்திருந்தாலும் முழுத் தேனிரும்பு உலகத்தில் கிடையாது. சங்கு ஊதிக் கேட்டைத் திறந்த பிறகும் சிலர் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருப்பதைப் போல, கரண்ட் நின்ற பிறகும் கொஞ்சம் காந்தம் மிச்சம் நிற்கும். எஞ்சிய காந்தத்தன்மை என்பது அதன் பெயர். ஒழுங்கற்ற துண்டுகளைத் தூக்கி நிறுத்த அது போதாது. தட்டையான தகடு துருவங்களோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினால், அந்த மிச்சமே அதைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது.

இதற்கு வழி உண்டு. கரண்டை நிறுத்தியதும், எதிர்த் திசையில் கொஞ்சம் கரண்டைச் சற்று நேரம் அனுப்பினால் மிச்சம் தீர்ந்துவிடும். நேரத்தை நீட்டினால் துருவம் மாறி மறுபடியும் காந்தமாகிவிடும், ஆகவே அளவு முக்கியம். இதற்கான கான்டாக்டர் என்ற தானியங்கி சுவிட்சை நானே பேனலில் பொருத்தினேன். அதன் பிறகு லாசர் கைப்பிடியை இழுத்தால் பேனலில் இரண்டு முறை 'டக்' என்று கேட்கும். முதல் டக், கரண்ட் நிற்பது. இரண்டாவது, எதிர்க் கரண்ட். நீலப் பொறி ஒன்றும் தெறிக்கும். பெரிய சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென்று நிற்க ஒப்பாது. நிறுத்தினால் தானே ஒரு வோல்டேஜை எழுப்பிக்கொண்டு இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அதைத் தணிக்க ஒரு ரெஸிஸ்டன்ஸ் வைத்திருந்தோம். அப்படியும் பொறி வரும்.

தகடு விழாமல் நின்ற காரணத்தை ஆட்களுக்குக் கேண்டீனில் விளக்கினேன். கன்னியப்பன் கவனமாகக் கேட்டான். கடைசியில், "அப்போ அதுக்கும் கொஞ்சம் பாசம் கீதுன்னு சொல்லு சார்," என்றான்.

அவன் எடுத்துக்கொண்டது அதுதான். கரண்ட் போனால் விழும் என்பது நான் சொன்ன உண்மை. விழாமல் நின்றது அவன் கண்ணால் பார்த்த உண்மை. இரண்டும் ஒரே விதியின் இரண்டு பக்கங்கள் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு, மூடி மேலே இருக்கும்போது ஒதுங்கச் சொன்னால், "அது நம்மள வுடாது சார்," என்று சிரிப்பான்.

5. அன்று

காலை டீக்கு முந்திய நேரம். ஆலைக்குள் வரும் கிளை ரயில் பாதையான சைடிங்கில் ஒரு வேகனில் இரும்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத் துண்டுகள் சில வேகனின் பக்கத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அப்படியே இஞ்சின் இழுத்தால் பக்கத்துக் கம்பத்தில் இடிக்கும். யார்டு மேஸ்திரி கன்னியப்பனை வேகனில் ஏறித் தள்ளச் சொன்னார். மூடியை முழுக்க ஒதுக்கிவிட்டுத்தான் வேகனில் ஆள் ஏற வேண்டும் என்பது விதி. அடுத்த லோடு ஏற்கெனவே தூக்கியாகிவிட்டது. ஏழுமலை உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினான். லாசர் லோடை வேகனுக்கு மேலேயே நிறுத்தினான். கன்னியப்பன் பின்பக்கத்தால் ஏறியதை லாசர் பார்க்கவில்லை. மூடி மறைத்தது.

நான் கிரேனின் காலடியில் பேனல் அறையில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. பேச்சு முழுவதும் காதில் விழுந்தது.

"சீக்கிரம் தள்ளுடா. இஞ்சின் வந்து நிக்கப் போவுது," என்றார் மேஸ்திரி.

"மாட்டிக்கினு கீது மேஸ்திரி. கடப்பார குடு."

"கட்டுமரத்துல குந்திக்கினு வலை வீசறவனுக்கு இரும்ப பத்தி இன்னா தெரியும். போயி மீனு கழுவு."

"மேஸ்திரி, குப்பத்த பத்தி பேசாத."

"பேசுனா இன்னாடா பண்ணுவ?"

"எறங்கி வந்து காட்டட்டா இன்னா பண்ணுவேன்னு?"

கன்னியப்பன் கடப்பாரையைக் கேட்காமலே இருந்திருக்கலாம். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கன்னியப்பன் அப்போதே இறங்கி வந்து அவரை இரண்டு சாத்து சாத்தியிருந்தால் அதுவும் எனக்குச் சம்மதம். ஆனால் அங்கே ஏழுமலை இருந்தான். அவன் நல்லவன், சண்டை வராமல் பார்க்கிறவன். இரண்டு பேருக்கும் நடுவே தன் குரல் கேட்க வேண்டும் என்று உரக்கச் சொன்னான்.

"வுடு மாமு, வுடு."

டக்.

பெரும் பகுதி விழுந்தது.

டக்.

மீதியும் விழுந்தது.

அவனை மூடியிருந்த இரும்பைக் கையால் எடுக்க முடியாது. சங்கிலி கட்ட நேரம் இல்லை. அதே மூடியைத்தான் இறக்க வேண்டியிருந்தது. ஏழுமலைக்குப் பதில் வேறு யாரோ 'ஆரியா' என்றார்கள். மூடி இறங்கியது. லாசர் கரண்ட் கொடுத்தான். 'ஆபீஸ்' என்றார்கள். இரும்பு மேலே போனது. கன்னியப்பனை வெளியே எடுத்தோம். பார்த்ததும் தெரிந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போனார்கள்.

லோடு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

லாசர் அதை யார்டின் காலி மூலைக்குக் கொண்டுபோய்த் தரையை ஒட்டி இறக்கிவிட்டான். கரண்டை நிறுத்தவில்லை. யாராவது சொல்ல வேண்டும். யார்டில் அத்தனை பேர் நின்றார்கள், ஒருவனும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சுருளைத் தொடர்ந்து கரண்டில் வைத்தால் சூடேறும், இன்சுலேஷன் கருகும். இப்படிப்பட்ட நேரத்திலும் அது எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஏணியில் ஏறி ஆபரேட்டர் கூண்டுக்குப் போனேன். லாசர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"காலி இடம்தான் லாசர். நிறுத்து," என்றேன்.

"கீழ யாருனா கீறாங்களா பாரு சார்."

"யாரும் இல்ல."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"நீயே நிறுத்து சார்," என்றான்.

நான்தான் கைப்பிடியை இழுத்தேன்.

6. எலெக்ட்ரிக்கல் விஷயம்

விசாரணைக்கு அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்தார். மானேஜர் அறையில் நடந்தது. கேள்விகளுக்கு வந்த பதில்களைச் சொல்கிறேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் உண்மை.

மேஸ்திரி சொன்னார்: "வேகன்ல ஏறச் சொல்லி நான் சொல்லவே இல்ல சார். அவனா ஏறுனான்."

ஏழுமலை சொன்னான்: "நா கன்னியப்பன்கிட்டதான் சொன்னேன் சார். சண்ட வாணாம்னு. லாசருக்கு சொல்லல." அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அப்படிச் சொல்லவில்லை. நடந்தது அதுதான். ஆனால் அவன் சொல்லி முடித்ததும் இன்ஸ்பெக்டர் லாசரைப் பார்த்தார்.

"அப்போ உனக்கு சிக்னலே குடுக்கலை. நீயா விட்டிருக்க."

லாசர் சொன்னான்: "வுடுன்னு கேட்டுச்சு சார். வுட்டேன்."

பிறகு என்னைக் கேட்டார். "கரண்ட் தானா நின்னுதா?"

"இல்லை. நிறுத்தப்பட்டது."

"காந்தத்தில் ஏதாவது கோளாறு?"

"இல்லை."

"கன்ட்ரோலில்?"

"இல்லை. ஆனால் சார், விடுவதற்கென்று தனியாக ஒரு சொல்லோ சைகையோ..."

"நான் எலெக்ட்ரிக்கல் விஷயத்தை மட்டும் கேட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

மானேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

கோளாறு இருக்கிறது என்று நான் பொய் சொல்லியிருந்தால் லாசர் தப்பித்திருக்கக்கூடும். அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை, வந்திருந்தாலும் பலன் இல்லை. மூடி எதிரிலேயே நின்றது. சோதித்துப் பார்த்தார்கள். சொன்னபோது பிடித்தது, சொன்னபோது விட்டது. நான் அதை அவ்வளவு ஒழுங்காகப் பராமரித்திருந்தேன். இயந்திரத்தில் குற்றம் இல்லை என்றால் ஆளிடம்தான் குற்றம் என்பது அவர்கள் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு சொல்லை வேலையிலிருந்து நீக்க வழியில்லை. லாசரை நீக்கினார்கள்.

7. மணி

அதற்குப் பிறகு எனக்கு அனுமதி கிடைத்தது. வாயால் எதுவும் சொல்ல வேண்டாம், விடுவதற்கு ஒரு மின்மணி வைக்கலாம் என்றார் மானேஜர். ஓர் ஆள் செத்தால் ஒரு மணி.

மின்மணியும் மின்காந்தம்தான். பொத்தானை அழுத்தினால் சுருளில் கரண்ட் பாயும். சுருள் ஓர் இரும்புப் பட்டையை இழுக்கும், பட்டையின் முனையில் இருக்கும் சுத்தி மணியை அடிக்கும். பட்டை நகர்ந்த அதே நொடியில் அதன் பின்னால் இருக்கும் தொடுமுனை விலகிச் சுற்று அறுந்துபோகும். காந்தம் விட்டுவிடும். வில் பட்டையைப் பின்னால் தள்ளும். தொடுமுனை மறுபடியும் தொடும், மறுபடியும் இழுக்கும். பிடிப்பதும் விடுவதும் மாறி மாறி நடப்பதுதான் அந்தச் சத்தம். பரீட்சைக்குப் படம் வரைந்து பழகுங்கள், அடிக்கடி கேட்பார்கள்.

முதல் மாதம் மணி விடுவதற்கு மட்டும் அடித்தது. பிறகு டீக்கும் அடித்தார்கள். லாரி வந்தால் அடித்தார்கள். மானேஜர் மேஸ்திரியைக் கூப்பிட வேண்டுமென்றால் அடிக்கச் சொன்னார். வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று நான் எழுதி மாட்டிய பலகையின் ஆணியில் யாரோ சட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைசியில் கடல் காற்று மணியின் தொடுமுனையை அரித்துவிட்டது. நான் சுத்தம் செய்வேன், அது மறுபடி பச்சைபிடிக்கும். புதுத் தொடுமுனை வேண்டுமென்று கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். ஒரு நாள் காலை பேனல் அறைக்குள் இருந்தபோது, புது ஆபரேட்டரை அண்ணாந்து பார்த்துப் புது ஆள் ஒருவன் கத்துவது கேட்டது.

"வுடு."

நான் வெளியே வந்து பார்த்தேன். அடியில் யாரும் இல்லை. உள்ளே போய் வேலையைப் பார்த்தேன். அங்கே இருந்த மீதி வருஷங்கள் முழுவதும் அந்தச் சொல் கேட்டபோதெல்லாம் வெளியே வந்து பார்த்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை.

8. விறகுத் தொட்டி

கற்றுக்கொண்டதை எழுதச் சொன்னால் இவ்வளவுதான். நிலைக்காந்தத்தைவிட மின்காந்தம் உயர்ந்தது, ஏனென்றால் அதை விடச் சொல்லலாம் என்று புத்தகம் சொல்கிறது. சரிதான். யார் சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது, சொன்னது யாருக்கு என்பதைப் புத்தகம் சொல்வதில்லை. இயந்திரம் வாங்குகிறவர்களும் அதைக் கேட்பதில்லை. உங்களில் ஓரிருவர் நாளைக்கு இயந்திரங்களுக்குப் பொறுப்பாளர்களாகப் போவீர்கள். இதைக் கேளுங்கள் என்று நான் சொன்னால் கேட்பீர்களா என்று எனக்குத் தெரியாது. எனக்கு மேலே இருந்தவர்கள் கேட்டதில்லை.

சில வருஷங்களுக்குப் பிறகு ராயபுரத்தில் லாசரைப் பார்த்தேன். விறகுத் தொட்டி என்று அங்கே சொல்லும் ஒரு விறகுக் கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தான். உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் விறகு. என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்தான்.

"நல்லா கீறியா சார்?"

"இருக்கேன் லாசர். அன்னிக்கு நான் சொன்னது..."

"போவட்டும் சார்."

அந்தப் பேட்டையில் எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் 'வுடு சார்' என்றுதான் சொல்லியிருப்பான். லாசர் சொல்லவில்லை. வேறு சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னான்.

விறகு வாங்க வந்த ஆளுக்கு அவசரம். லாசர் ஒரு கையால் விறகுத் தட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே என்னிடம் பேசிக்கொண்டிருந்தான். முள் நிற்கவில்லை.

"கைய எடு நைனா. தட்ட வுடு, நிக்கட்டும்," என்றான் அந்த ஆள்.

லாசரின் கை தட்டை இன்னும் இறுகப் பிடித்தது. அப்படியே குனிந்தான். தலையைச் சாய்த்துத் தட்டுக்கு அடியில் பார்த்தான். தரைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். இந்தப் பக்கம் பார்த்துவிட்டு அந்தப் பக்கமும் பார்த்தான்.

"இன்னா நைனா, அடியில காசு வுழுந்துகீதா?"

"இல்ல," என்றான் லாசர். "ஆளு கீதான்னு பாத்தேன்."

தொட்டியில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். லாசர் நிமிர்ந்து, மெதுவாகக் கையை எடுத்தான்.